உறை

பெட்டிக்கு ஆயிரம், மூன்று பெட்டி.
ஒன்று இரண்டு ரூபாய்.
பாதி என் சீட்டுப் பணம்.
மீதிக்கு, “எழுதிக்கறேன் திம்மராயா, காய் வித்துக் குடு”
என்றார் பழையபேட்டை நவ்ஷாத் பாய்.

வெளியே பழுப்பு, உள்ளே கறுப்பு.
வாயில் மெல்லிய கம்பி.
வெயில் படாது, ஈ குத்தாது,
பழம் கன்னம் மாதிரி இருக்கும் என்றார்கள்.
குத்தகைத் தோட்டத்தில் ஏணி போட்டு
அல்போன்சாவுக்கு மட்டும் கட்டினார்.
பெங்களூரா கூழுக்குப் போகிற காய்,
அதற்கு எதற்குச் சட்டை?

நானூற்றுப் பத்து கட்டியிருந்தார்.
சித்திரையில் ஒரு ராத்திரி
காவேரிப்பட்டணம் பக்கம் அடித்த காற்று
அரைமணி நேரம்கூட இல்லை.
காலையில் மரத்தடி முழுக்க
உறையோடு கிடந்தன காய்கள்,
சீருடை கழற்றாமல்
தூங்கிப்போன பிள்ளைகள் மாதிரி.

மிச்சப் பெட்டிகள் எங்கள் கட்டிலுக்கடியில் வந்தன.
அவர் அந்தக் கட்டிலில் படுப்பதை விட்டார்.

வாடகை வீடு.
ஆணி அடிக்கக் கூடாது என்பது
சாவியோடு கொடுத்த சொல்.
யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்பது
அட்வான்ஸை எண்ணி முடித்தபின் சொன்னது.
சுவரில் எங்களுடையது எதுவுமில்லை.
முன்பு இருந்தவர்கள் ஒட்டிப் பிய்த்த
பாதிப் பட்டாம்பூச்சி மட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
சேலம் ரோட்டுத் தள்ளுவண்டியில்
எண்பது ரூபாய்க்குச் சீரியல் செட் வாங்கினேன்.
ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.
மின்விசிறிக் கொக்கியில் தொடங்கி
ஜன்னல் கம்பிவரை இழுத்துக் கட்டி
முதல் பல்புக்கு ஓர் உறை மாட்டினேன்.

இருட்டு.
வெளிச்சத்தை வெளியே நிறுத்தவென்றே செய்த காகிதம்,
உள்ளே வைத்தாலும் அதே பிடிவாதம்.
கறுப்பு முழுங்கிவிட்டது.

ரக்ஷனாவின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து
காம்பஸை எடுத்தேன்.
ஈ குத்தக் கூடாதென்று வாங்கியதை
நான் குத்தினேன்.
ஒரு துளை. இன்னொன்று.
பிறகு கை நிற்கவில்லை.
எதை நினைத்து அத்தனை குத்து குத்தினேனோ,
காகிதம் கிழியாமல் தாங்கியது.

மாட்டியபோது
சுவரெல்லாம் கடுகு தாளித்த மாதிரி
தெறித்தது வெளிச்சம்.

“எனக்கு, எனக்கு” என்று பிடுங்கிக்கொண்டாள் ரக்ஷனா.
பஸ் வரைகிறேன் என்று குத்தினாள்,
சுவரில் யானை வந்தது.
“தளி காட்டு பஸ்ஸும்மா, அப்படித்தான் இருக்கும்.”
காற்றடித்த நாளுக்குப் பிறகு
இந்த வீட்டில் சத்தமாகச் சிரித்தது
அப்போதுதான்.

மேல்வீட்டு சாந்தகுமாரி எட்டிப் பார்த்து
“என்ன விசேஷம்?” என்றாள்.
விசேஷம் ஏதாவது இருக்க வேண்டுமே என்று
நாள்காட்டியைப் பார்த்தேன்.
கரிநாள் என்று போட்டிருந்தது.

கூழ் ஆலையில் லோடு இறக்கிவிட்டு
பத்தரைக்கு வந்தார்.
ஊரார் தோட்டத்து மாம்பழம்
சட்டையெல்லாம் மணத்தது.
செருப்போடு வாசலில் நின்று
உதடு அசையாமல் எண்ணினார்.
எனக்குத் தெரியும் அவர் எண்ணுவது.
முந்திக்கொண்டேன்.
“பதினேழு. முப்பத்தி நாலு ரூபா.”

பேசவில்லை.
பெரும்பிழை செய்துவிட்டேனோ என்று
சுவிட்சுக்குக் கை போனது.

ஓரத்தில் ஒன்று சரிந்து தொங்கியது.
அதன் கிட்டே போனார்.
வாயைக் கூட்டிப் பிடித்து
கம்பியை இரண்டு சுற்று, ஒரு முறுக்கு,
காம்பு நோகாமல்
நானூற்றுப் பத்து முறை செய்த அதே கையால்
இறுக்கினார்.
நானூற்றுப் பதினொன்று.

“இது அவிழாது” என்றார்.

யானை ஓடிய சுவர்ப்பக்கம்
முகத்தைத் திருப்பிப் படுத்தார்.
கட்டிலில்தான்.
அவருக்குக் கீழே இன்னும்
இரண்டாயிரத்து ஐந்நூற்று எழுபத்து மூன்று இருக்கின்றன.
நவ்ஷாத் பாய் வெள்ளிக்கிழமை வருவார்.

மீட்டர் ஓடட்டும்,
இன்றைக்கு மட்டும்
அணைக்கவில்லை.